சிறகுள்ள குதிரையும் சட்டத்தின் நிபந்தனையும்

'திரை இல்லாத விளையாட்டு' பற்றி இன்று முஸ்லிம் வீடுகளில் பேச்சு அடிபடுகிறது. கைப்பேசியைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குள் இருக்கும் பிள்ளையின் கையில் எதைக் கொடுப்பது? வண்ணம் தீட்டுதல், காகிதத்தில் பள்ளிவாசல் வெட்டி ஒட்டுதல், சூரா மனனம் என்று பட்டியல் நீள்கிறது. எல்லாமே ஏதாவதொரு பலன் தருபவை. சும்மா விளையாடுவதற்கு அதில் இடமில்லை. பலனைக் காட்டித்தான் விளையாட்டு அனுமதி வாங்க வேண்டும் என்ற இந்த நிபந்தனைக்கு நீண்ட வரலாறு உண்டு.

புகாரியின் தொகுப்பில் ஒரு செய்தி. ஆஷூரா நோன்பன்று மதீனாவின் தாய்மார்கள் கம்பளியில் விளையாட்டுப் பொருள் செய்து வைத்திருந்தார்கள். பசித்து அழும் பிள்ளையிடம் அதைக் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம்வரை சமாளித்தார்கள். அழுகையை அடக்கக் கையில் எதையாவது திணிப்பது கைப்பேசியோடு வந்த பழக்கமல்ல.

அபூதாவூது (இறப்பு 889) பதிவு செய்திருப்பது வேறுவிதமானது. நபிகள் நாயகம் படையெடுப்பு ஒன்றிலிருந்து வீடு திரும்புகிறார். காற்றில் திரை விலகுகிறது. பின்னால் ஆயிஷாவின் பொம்மைகள். நடுவே ஒரு குதிரை. அதற்கு ஒட்டுத்துணியில் இரண்டு சிறகுகள். குதிரைக்குச் சிறகா என்று கேட்கிறார். சுலைமானின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வருகிறது. கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறார். அவ்வளவுதான், இதனால் என்ன பயன் என்ற விசாரணை அங்கே இல்லை.

விசாரணை பின்னால் வருகிறது. உருவம் சமைப்பதற்குத் தடை இருக்க, பொம்மைக்கு மட்டும் எப்படி விலக்கு? பெரும்பாலான சட்ட அறிஞர்கள் விலக்களித்தார்கள். அந்த அனுமதி பிறகு ரத்தாகிவிட்டது என்றவர்களும் உண்டு. கலீஃபா முக்ததிர் காலத்தில் (908–932) பாக்தாதின் சந்தைக் கண்காணிப்பு அதிகாரியாக இருந்த அபூ ஸயீத் இஸ்தக்ரீ, பொம்மைச் சந்தையை மூடாமல் விட்டார். ஆயிஷா விளையாடியதே அவருக்குப் போதுமான ஆதாரம். இதை எழுதிவைத்த மாவர்தீ (இறப்பு 1058) ஒரு பயனையும் சேர்த்துச் சொல்கிறார்: பொம்மை, பெண்பிள்ளைகளைக் குழந்தை வளர்ப்புக்குப் பழக்குகிறது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. இந்த வாதத்தில் அனுமதி கிடைப்பது விளையாட்டுக்கல்ல, நாளைய தாய்மைக்கு. சிறுமியின் மடியில் இருக்கும் பொம்மைக்குள் அவளுடைய எதிர்கால வேலை முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. சட்டம் தடையின் மூலம் மட்டுமல்ல, சலுகையின் மூலமும் ஆளுகிறது.

ஆனால் அந்தக் குதிரையை என்ன செய்வது? அதைத் தாலாட்டி யாரும் தாய்மை பழக முடியாது. சந்தையில் வாங்கக் கிடைப்பதுமல்ல. கேட்ட கதையும் கிடைத்த கந்தலும் சேர்ந்து பிறந்தது அது. மாவர்தீயின் நியாயத்துக்குள் அடங்காமல் அது வெளியே நிற்கிறது.

நம் பட்டியல்கள் மாவர்தீயின் வாரிசுகள். 'வீட்டுக்குள்' என்ற சொல்லும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றல்ல. பையனுக்கு அது மழை நாள், பரீட்சை நாள். பல வீடுகளில், பருவமெய்திய பெண்ணுக்கு அதுவே முழு உலகம். கைப்பேசித் திரையை அகற்றும் கை, இந்த இன்னொரு திரையையும் தொடுமா? அதைத் தொடாமல் அவளிடம் நீட்டப்படும் பயனுள்ள பொழுதுபோக்கு, கம்பளிப் பொம்மையைப் போல அழுகையை அடக்கத்தான் உதவும்.