குழப்படிக்காரப் பிள்ளையின் கதை 1902இல் இருந்து



“ஷைத்தான் புடிச்ச புள்ள.” கற்பிட்டியிலும் புத்தளத்திலும் இந்தப் பேச்சைக் கேட்காத ஆசிரியர் எங்களில் குறைவு. ஓதிய தண்ணீரும் இசுமும் ஒரு பக்கம், பிரம்பு மறுபக்கம்.

வெள்ளைக்காரனும் முதலில் இப்படித்தான் பார்த்தான். 1902இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் 43 பிள்ளைகளைப் பற்றி விரிவுரை செய்தார். ஓரிடத்தில் இருக்க மாட்டார்கள், சொல் கேட்க மாட்டார்கள். ஆனால் பலருக்குப் புத்தியில் குறையே இல்லை. அதற்கு அவர் வைத்த பெயர் ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை. நம் ஊர்ப் பேச்சுக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை.

திருப்பம் 1937இல். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்ள்ஸ் பிராட்லி, தன் மருத்துவமனைப் பிள்ளைகள் 30 பேருக்கு பென்செட்ரின் கொடுத்தார். தலைவலிக்காகத்தான் அதைக் கொடுக்கத் தொடங்கினார் என்பார்கள். தலைவலி என்னானதோ, 14 பேர் படிப்பில் வியக்கும்படி மாறினார்கள். பிள்ளைகளே அதைக் “கணக்கு மாத்திரை” என்றார்களாம்! மாற்றம் முதலில் தெரிந்தது வகுப்பறையில் என்பதை ஆசிரியர்களான நாங்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

இன்று பாவிக்கும் மெதில்ஃபெனிடேட் 1944இல் உருவானது. ரிட்டாலின் என்ற பெயர், அதைச் செய்த பனிசோனின் மனைவி ரீட்டாவுடையது. ஏடிஎச்டி என்ற பெயர் வந்தது 1987இல்தான்.

இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டாது. 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதத்துக்கு மேல், வீடு, பாடசாலை என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். காது, கண், தூக்கம், பயம் எல்லாவற்றையும் பார்த்த பிறகே முடிவு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு நம் கரையில் ஓலைக் கொட்டில்களில் வளர்ந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்களின் இருப்புக்கொள்ளாமை பிறவியா, பட்ட அடியா என்று பிரித்துப் பார்க்க அன்று யாருக்கு நேரம் இருந்தது? துள்ளாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பெண்பிள்ளைகள் இன்றும் கணக்கில் வருவதில்லை.

சின்னப் பிள்ளைக்கு முதல் வைத்தியம் உம்மா வாப்பாவுக்கான பயிற்சிதான். மாத்திரை அதற்குப் பிறகு, நிபுணர் எழுதினால் மட்டும். பசியும் தூக்கமும் குறையலாம், கவனிக்க வேண்டும். பிரம்பு எந்தப் பட்டியலிலும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் அதைத் தடுத்திருக்கிறது.

எட்டாம் வகுப்போடு உப்பளத்துக்கும் தோணிக்கும் போகும் பையன்களில் எத்தனை பேர் இப்படிப்பட்டவர்களோ. வகுப்பில் பார்த்ததை எழுதிக் கடிதம் தர நாங்கள் தயார். அதை எடுத்துக்கொண்டு முதலில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொழும்புக்கு அனுப்பினால் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி இருக்கிறது. கடிதம் வேண்டியவர்கள் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள்.