பல்லைத் தேடிப் போய்க் கண்ட அறை

"எனக்கு சைனஸ் இருக்கு, சார்" என்று மாணவர்கள் சொல்வதைக் கேட்காத ஆசிரியர் இல்லை. ஆனால் சைனஸ் எல்லாருக்கும் உண்டு. அது நோயின் பெயரில்லை. முக எலும்புக்குள் இருக்கிற காற்றறையின் பெயர். நோய்க்குச் சித்த மருத்துவத்தில் பீனிசம் என்ற சொல் இருக்கிறது.

மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் மேல்தாடை அறையின் தரையை ஒட்டியே நிற்கின்றன. அதனால், பல்லைத் தேடிப் போனவர்கள் அறையைக் கண்ட கதை பழையது. 1651-இல் இங்கிலாந்து மருத்துவர் நத்தானியேல் ஹைமோர் இந்த அறையைத் தம் உடற்கூறு நூலில் விவரித்தார். அவரிடம் வந்த ஒரு பெண்மணிக்குக் கோரைப்பல் பிடுங்கிய ஓட்டையிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. இறகுத் தண்டை உள்ளே விட்டுப் பார்த்தார். அது போய்க்கொண்டே இருந்ததும், மூளைவரை போய்விட்டதோ என்று நடுங்கிப் போனார். அங்கே இயல்பாகவே ஓர் அறை இருக்கிறது என்று ஹைமோர் விளக்க வேண்டியிருந்தது.

1895-இல் ரோண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஜனவரியிலேயே ஜெர்மானியப் பல் மருத்துவர் ஓட்டோ வால்க்கோஃப் தம் பல்லையே படமெடுத்தார். அதற்கு 25 நிமிடம் கதிரில் இருந்தார்! 1949-இல் பின்லாந்தின் பாட்டெரோ, வளைந்த தாடையை ஒரே படத்தில் விரிக்கும் முறையைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில்தான் நம் பினாங்கில், நியூசிலாந்து முறையைப் பின்பற்றி, பள்ளிப் பல் தாதியர் பயிற்சி தொடங்கியது. 1998-இல் இத்தாலியர்கள் கூம்புக்கதிர் ஸ்கேனை அறிமுகப்படுத்தினார்கள். அதில் பல்லோடு அறையும் முப்பரிமாணத்தில் தெரிந்தது.

அதனால் இன்று, பல்லுக்கு எடுத்த ஸ்கேனில் "சவ்வு தடித்திருக்கிறது", "நீர்க்கட்டி போல் தெரிகிறது" என்று ஒரு வரி தற்செயலாக வந்துவிடுகிறது. படிக்கிறவர்களுக்கு அந்தப் பெண்மணியின் அதே பயம்தான். பெரும்பாலும் அவை தொல்லை தராதவை, சிகிச்சையே வேண்டாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் சவ்வு தடித்து, அதே பக்கம் மேல்பல் சொத்தையாக இருந்தால் அலட்சியம் கூடாது. பல்லே காரணமாக இருக்கலாம். அப்படியானால் பல்லைக் கவனிக்காமல் சளி மருந்து மட்டும் சாப்பிட்டுப் பயனில்லை.

ஆகவே அந்த ஒரு வரியை மருத்துவரிடம் காட்டி, "இது என்ன?" என்று கேட்கச் சொல்லுங்கள். உறுப்புக்கு ஒரு சொல், நோய்க்கு ஒரு சொல் என்று வகுப்பில் பிரித்துக் காட்டுவதும் தமிழாசிரியர் வேலைதான். சொல் தெளிந்தால் பாதி பயம் போய்விடும்.