ஒயரின் குறையும் டிரம்மின் ஈடும்: மோட்டார் சைக்கிள் கேபிள் பிரேக்கின் வரலாறு

பழைய மோட்டார் சைக்கிளின் முன் பிரேக்கில் லீவரையும் சக்கரத்தையும் இணைப்பது முறுக்கிய எஃகு இழைகளாலான ஓர் ஒயர் மட்டுமே. கையின் விசையில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்துவிடும். ஒயரில் அடைக்க முடியாத அந்த இழப்பை டிரம்மில் ஈடுகட்டப் பார்த்ததுதான் இந்தப் பிரேக்கின் வரலாறு.

தொடக்க கால வண்டிகள் பலவற்றில் சைக்கிளிடம் கடன் வாங்கிய ரிம் பிரேக்குகளே இருந்தன. இரும்புத் தண்டுகள் அவற்றை இயக்கின. ஹேண்டில் திரும்பும் இடத்தில் தண்டு தடுமாறும். 1896இல் எர்னஸ்ட் மானிங்டன் பவுடன் காப்புரிமை பெற்ற கேபிள் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. ராலே சைக்கிள் நிறுவனத்தின் ஃபிராங்க் பவுடனை இதற்கு உரியவராகச் சொல்வதுண்டு. காப்புரிமை எர்னஸ்டின் பெயரில்தான் இருக்கிறது.

கேபிளின் சூட்சுமம் அதன் உறையில் உள்ளது. உள்ளே ஒயர் இழுபடும்போது, சுருள் கம்பியாலான உறை அதே விசையில் அமுக்கப்படுகிறது. உறை சுருங்காமல் தாங்கினால்தான் இழுப்பு மறுமுனைக்குப் போய்ச் சேரும். உறை சற்றே அமுங்குவது, ஒயர் சற்றே நீள்வது, வளைவுகளில் உராய்வது என விசை மூன்று வழிகளில் வீணாகிறது. வளைவுகளின் மொத்தக் கோணம் கூடக் கூட உராய்வு பன்மடங்காகப் பெருகும். எண்ணெய் காணாத கேபிள் லீவரை இறுக்கிவிடும். ஒயரின் நுனியிலுள்ள நிப்பிள் அருகே ஓரிரு இழைகள் பிரிந்திருந்தால் ஒயர் அறுபடும் நாள் தூரத்தில் இல்லை.

எஞ்சிய விசையை, ரிம் பிரேக்குக்குப் பின் வந்த, சக்கரத்தோடு சுழலும் டிரம் பெருக்கிக் கொடுத்தது. கேபிள் இழுக்க, கேம் திரும்பி டிரம்முக்குள் இருக்கும் இரண்டு ஷூக்களையும் விரிக்கும். சக்கரம் சுழலும் திசையில் அமைந்த லீடிங் ஷூவை உராய்வே டிரம்முக்குள் மேலும் இழுத்து அழுத்தும். மற்றொரு ஷூவை அதே உராய்வு டிரம்மிலிருந்து விலக்கித் தள்ளும்.

பிடியைக் கூட்ட டிரம்மை வைத்தே அடுத்தடுத்த முயற்சிகள் நடந்தன. பிரிட்டனின் வின்சென்ட் ரபீட் முன்சக்கரத்தில் இரண்டு டிரம்களைப் பொருத்தி, லீவரின் இழுப்பைச் சமன்செய்யும் தண்டு ஒன்றால் இரண்டுக்கும் பங்கிட்டது. டிரையம்ஃப் 1968இல் 8 அங்குல டிரம்மில் இரண்டு கேம்களை வைத்து, இரண்டு ஷூக்களையுமே லீடிங் ஷூக்களாக்கியது. திருவொற்றியூரில் தயாரான புல்லட்டுக்கும் பின்னாளில் 7 அங்குல அளவில் இதே அமைப்பு வந்தது. முன்னோக்கி ஓடும்போது பிடி பிரமாதம். மேட்டில் நிறுத்திய வண்டி பின்னால் உருளத் தொடங்கினால் இரண்டு ஷூக்களும் ஒருசேர டிரம்மிலிருந்து விலக்கித் தள்ளப்பட்டு, பிடி தளர்ந்துவிடும்.

டிஸ்க் பிரேக்குக்குத் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் இந்தக் குணம் கிடையாது. 1962இல் லாம்பிரெட்டா டிவி 175 ஸ்கூட்டர் கேபிள் இழுக்கும் டிஸ்க்கோடு வந்தது. கனமான, வேகமான வண்டிகளுக்கு அந்த இழுப்பு போதாது. 1969இல் வந்த ஹோண்டா சிபி 750 முன் டிஸ்க்கை ஹைட்ராலிக் அழுத்தத்தால் இயக்கியது. அதன்பின் பெரிய வண்டிகளிலிருந்து முன் பிரேக் கேபிள் படிப்படியாக விடைபெற்றது.

சிறிய வண்டிகளில் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு, ஏபிஎஸ் இல்லாவிட்டால், இரு சக்கரப் பிரேக்குகளையும் இணைக்கும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. டிரம் பிரேக் ஸ்கூட்டர்களில் அந்த இணைப்பைச் செய்வதும் கேபிள்தான். ஹோண்டா ஆக்டிவாவில் இடது லீவரின் இழுப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஈக்வலைசர், வின்சென்டின் தண்டு பார்த்த வேலையையே பார்க்கிறது.