6 எபிசோடில் 4 எங்கே போச்சு? 1953-ல் பிபிசி ஸ்டுடியோ இயங்கியது இப்படித்தான்!

லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸ் ஸ்டுடியோவிலிருந்து 1953 ஜூலை, ஆகஸ்டில் பிபிசி ஒளிபரப்பிய அறிவியல் புனைகதைத் தொடர் 'தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்'. மொத்தம் 6 எபிசோடு. இன்று பார்க்கக் கிடைப்பது முதல் 2 மட்டும்தான். மீதி 4-ஐப் பதிவே செய்யவில்லை.

ஏன் பதிவு செய்யல?

அப்போது பிபிசியிடம் வீடியோ டேப் கிடையாது. ஸ்டுடியோவில் நடிகர்கள் நடிக்க நடிக்க, நாடகம் லைவாக வீடுகளுக்குப் போய்விடும். சேமிக்க ஒரே வழி 'டெலிரெக்கார்டிங்'. அதாவது, மானிட்டரில் ஓடும் படத்தை ஃபிலிம் கேமரா வைத்துப் படம்பிடிப்பது. அவ்ளோதான்! 2-வது எபிசோடில் மானிட்டர் மேல் ஒரு பூச்சி வந்து உட்கார, அதுவும் சேர்ந்தே பதிவானது. தரம் சரியில்லை என அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

கேமரா எப்படி?

ஸ்டுடியோ ஏ-வில் இருந்தவை 1936-ல் வந்த எமிட்ரான் கேமராக்கள். கருப்பு-வெள்ளைப் படம், 405 வரிகள். இப்போதைய ஃபுல் ஹெச்.டி.யில் 1080. எமிட்ரான் படத்தில் ஆங்காங்கே நிழல் திட்டுகளும் விழும்.

டேப் எப்போ வந்துச்சு?

'வேரா' என்ற சொந்த வீடியோ டேப் கருவியை பிபிசி 1958-ல்தான் நேயர்களுக்குக் காட்டியது. அந்த 4 எபிசோடுகளுக்கு இன்று மிச்சம், ஸ்கிரிப்டும் சில போட்டோக்களும்தான்.