பார்க் தெருவின் மேசைகள்: கல்கத்தாவின் ஐரோப்பியப் பாணி உணவகங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கல்கத்தாவின் ஐரோப்பியப் பாணி உணவகங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை நினைவுக் குறிப்புகளே. வெண்ணிற மேசை விரிப்பு, வெள்ளிக் கரண்டி, ஜாஸ் இசை, கிறிஸ்துமஸ் இரவின் வண்ண விளக்குகள் என அவை யாவும் ஏறத்தாழ ஒரே தடத்தில் செல்கின்றன. படிக்கச் சுவையானவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஒரு நகரத்து மக்கள் வீட்டை விட்டு வெளியே வந்து, அயலார் சமைத்ததை அயலாரோடு ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ணத் தொடங்கியது இந்தியச் சமூக வரலாற்றில் சிறிய செய்தி அன்று. அங்கே யார் சமைத்தனர், யார் உள்ளே அனுமதிக்கப்பட்டனர், யார் வாசலில் நிறுத்தப்பட்டனர் என்னும் வினாக்களை ஏக்கம் தோய்ந்த குறிப்புகள் எழுப்புவது அரிது. அவ்வினாக்களை முன்னிறுத்தியே இவ்வுணவகங்களின் வரலாற்றை இக்கட்டுரையில் நோக்குகிறோம்.

பெயர்கள் குறித்து ஒரு சொல். நகரத்தின் பெயர் 2001ஆம் ஆண்டில் கொல்கத்தா என்றும், பார்க் தெருவின் பெயர் 2004ஆம் ஆண்டில் அன்னை தெரேசா சரணி என்றும் மாற்றப்பட்டன. நாம் பேசும் காலத்தின் பெரும்பகுதி அதற்கு முற்பட்டதாகையால் பழைய பெயர்களையே கையாள்கிறோம். பார்க் தெரு என்னும் பெயரும் ஆதிப் பெயர் அன்று. 1767இல் திறக்கப்பட்ட ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும் வழியாதலால் அது முன்பு இடுகாட்டுச் சாலை என்றே வழங்கிற்று. தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மாளிகையைச் சுற்றியிருந்த மான் பூங்காவே பின்னைய பெயருக்குக் காரணம். பிணங்கள் சென்ற வழியே பிற்காலத்தில் விருந்துக்குப் பேர்போன தெருவாயிற்று.

விடுதியும் விலக்கும்

ஐரோப்பிய உணவு கல்கத்தாவின் வங்காளியருக்கு முதலில் சுவையாக அறிமுகமாகவில்லை, மீறலாகவே அறிமுகமாயிற்று. 1817இல் நிறுவப்பட்ட இந்துக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஹென்றி டெரோசியோவின் மாணவர்கள், சாதி விலக்குகளை உடைக்கும் வழிகளுள் ஒன்றாக உணவைத் தேர்ந்தனர். 1831ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ண மோகன் பானர்ஜியின் வீட்டில், அவர் இல்லாத வேளையில் கூடிய நண்பர்கள் மாட்டிறைச்சி உண்டு, எஞ்சியதை அண்டை வீட்டுப் பிராமணர் முற்றத்தில் எறிந்தனர். குற்றம் செய்தவர் நண்பர்கள். வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர் கிருஷ்ண மோகன். அடுத்த ஆண்டே அவர் கிறித்துவத்தைத் தழுவினார். ஒரு வேளை உணவு ஒரு மனிதரின் வாழ்க்கைப் போக்கையே மாற்றக்கூடிய காலம் அது.

இப்பின்னணியில்தான் விடுதிகள் தோன்றின. 1830இல் தொடங்கப்பட்டதாகக் கூறப்படும் ஸ்பென்சஸ் ஓட்டல் அவற்றுள் முற்பட்டது. ரொட்டி, மிட்டாய் வாணிகத்தில் பெயர் பெற்ற டேவிட் வில்சன் 1840களின் தொடக்கத்தில், அன்றைய ஆளுநர் தலைவர் ஆக்லண்டு பிரபுவின் பெயரால் ஒரு விடுதியை நிறுவினார். அதுவே பின்னாளில் கிரேட் ஈஸ்டர்ன் ஓட்டல் ஆயிற்று. ஆனால் வங்காளியர் நாவில் அது நெடுங்காலம் வில்சன் ஓட்டலாகவே நின்றது. அங்கே சென்று உண்டு வந்தவன் என்றால் ஆங்கிலம் கற்றவன், ஆசாரம் கெட்டவன் என்னும் இரு பொருளும் ஒருங்கே தொனித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காள அங்கத எழுத்துகளுக்கு இத்தகைய மனிதன் வற்றாத கருப்பொருளானான்.

பொது இடத்தில் உண்பதும் சாதியும் பின்னிக் கிடந்த நிலை வங்காளத்திற்கு மட்டும் உரியதன்று என்பதைத் தமிழாசிரியர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகப் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் இயக்கத்தார் மறியல் செய்தது 1957இல்தான். தமிழகத்தில் சாதி பெயர்ப்பலகையிலேயே எழுதப்பட்டிருந்தது. கல்கத்தாவின் ஐரோப்பிய உணவகத்தில் அது எழுதப்படவில்லை. அங்கே விலக்கு வேறு வடிவம் கொண்டது: விலைப்பட்டியல், காலணி, கழுத்துப்பட்டை, ஆங்கில மொழி. இவற்றை உடையவனைச் சாதி கேட்பாரில்லை. இல்லாதவன் சாதி கேட்கப்படும் தூரத்தைக்கூட எட்டவில்லை.

ஆங்கிலேயரின் மன்றங்களோடு ஒப்பிடும்போது இந்த வேறுபாடு தெளிவாகும். 1827இல் தோன்றிய பெங்கால் கிளப், நாடு விடுதலை பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1959இல்தான் இந்தியரை உறுப்பினராக்கியது. கல்கத்தா கிளப் 1907இல் நிறுவப்பட்டதற்கு இந்நிறவேற்றுமையே காரணம். மன்றத்தில் பணம் செல்லாது, உணவகத்தில் செல்லும். வசதி படைத்த இந்தியர் ஐரோப்பியரோடு ஒரே கூடத்தில் அமரும் வாய்ப்பை உணவகங்களே முதலில் தந்தன. இதனைச் சமத்துவம் என்று நாம் கூறத் துணியமாட்டோம். ஆயினும் அதனை ஒன்றுமில்லை என்று தள்ளுவதும் வரலாற்றுக்கு நேர்மை ஆகாது.

நடுத்தர வகுப்பு வங்காளியர் இதற்கு ஒரு மாற்றைத் தாமே உருவாக்கினர். ‘கேபின்’ எனப்படும் சிற்றுணவகங்கள் வடக்குக் கல்கத்தாவில் பெருகின. கல்லூரித் தெருவை அடுத்து 1918இல் தொடங்கிய தில்குஷா கேபின் அவற்றுள் புகழ்பெற்றது. திரையிட்ட சிறு தடுப்பறைகள் இருந்தமையால் அப்பெயர் வந்தது. பெண்கள் பிறர் கண்ணில் படாமல் வெளியில் உண்ண அத்திரைகளே முதலில் இடமளித்தன. கட்லெட், சாப், டெவில் ஆகியவை சாகேபுகளின் மேசையிலிருந்து மாணவரின் தட்டுக்கு வந்தது இக்கேபின்களின் வழியேயாகும். ஐரோப்பிய உணவின் இந்திய வரலாற்றைப் பார்க் தெருவில் மட்டும் தேடுவோர் இப்பாதியைத் தவறவிடுகின்றனர்.

‘ஐரோப்பியர்’ என்போர் யார்?

ஆட்சி ஆங்கிலேயருடையது, உணவகங்களோ பெரிதும் பிறருடையவை. இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியைச் சேர்ந்த பெதரிக்கோ பெலித்தி, மேயோ பிரபுவின் மிட்டாய்க் கலைஞராக 1869இல் இந்தியா வந்து, கல்கத்தாவிலும் சிம்லாவிலும் கடை திறந்தார். தேர்ந்த ஒளிப்படக் கலைஞராகவும் அவர் விளங்கினார். சௌரங்கியில் பெயர் பெற்ற பிர்ப்போஸ் உணவகத்தின் உரிமையாளர் ஏஞ்சலோ பிர்ப்போவும் இத்தாலியரே. 1927இல் தோன்றிய ப்ளூரிஸ் தேநீர்க்கூடம் சுவிட்சர்லாந்து நாட்டுத் தம்பதியரால் நிறுவப்பட்டது. சௌரங்கியின் கிராண்ட் ஓட்டலை உருவாக்கிய அரத்தூன் ஸ்டீபன், பாரசீகத்து இசுபகானிலிருந்து வந்த ஆர்மீனியர். புதுச் சந்தையில் 1916 முதல் கேக் விற்றுவரும் நகூம்ஸ், பாக்தாத் யூதக் குடும்பத்தினுடையது. இவர்கள் அனைவரையும் ‘ஐரோப்பியர்’ என்னும் ஒரே சொல்லுள் அடக்குவது, ஒரு துறைமுக நகரத்தின் உண்மையான முகத்தை மறைத்துவிடும். பினாங்கையும் சிங்கப்பூரையும் அறிந்த நமக்கு இக்கலவை வியப்பளிப்பதில்லை.

இந்தியாவில் இன்றும் வழங்கும் ‘கான்டினென்டல்’ என்னும் சொல்லும் இவ்வாறே மயக்கம் தருவது. ஆங்கிலேயருக்கு அது தம் தீவிற்கு அப்பாலுள்ள ஐரோப்பாவைக் குறித்தது. இந்திய உணவுப் பட்டியலிலோ ஆங்கிலேயரின் ரோஸ்டும் அதனுள் அடங்கியது; உருசியப் பெயருடைய கோழி உணவும் இத்தாலியப் பாடகியின் பெயர் தாங்கிய பாஸ்தாவும் அதனுள் அடங்கின.

சமையலறைக்குள்

நம் கருத்தில் இவ்வரலாற்றின் மிகவும் புறக்கணிக்கப்பட்ட பகுதி சமையலறையே. உரிமையாளர்களின் பெயர்களைத் தெருவே நினைவில் வைத்திருக்கிறது. சமைத்தவர்களின் பெயர்கள் எந்த உணவுப் பட்டியலிலும் இல்லை. சிட்டகாங் பகுதியைச் சேர்ந்த, ‘மக்’ என்று அழைக்கப்பட்ட பௌத்தச் சமையற்காரர்கள், வங்காளத்துச் சாகேபுகளின் வீடுகளிலும் விடுதிகளிலும் பெரும்பெயர் பெற்றிருந்தனர். உணவு விலக்குகள் அவர்களுக்குக் குறைவு. மாடும் பன்றியும் ஒருசேரச் சமைக்க அவர்கள் தயங்கவில்லை. கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கருக்கும் இதே வசதி இருந்தது. பரிமாறும் பணியில் முசுலிம்கள் மிகுந்திருந்தனர். சாதி இந்துக்கள் செய்ய மறுத்த வேலையே இம்மூவகையினருக்கும் பிழைப்பாயிற்று என்பதைக் கவனித்தல் வேண்டும். ‘ஐரோப்பிய’ உணவின் சமையலறை, இந்தியச் சாதி ஒழுங்கின் விளிம்பில் அமைந்திருந்தது.

அவர்கள் கையில் உணவும் மாறிற்று. ஐரோப்பியச் செய்முறை கேட்ட தட்டை மீன் கங்கைக் கழிமுகத்தில் இல்லை; அதனிடத்தில் பேட்கி வந்தது. தமிழகத்தார் கொடுவா என்றும் மலேசியச் சந்தையில் நாம் சியாகாப் என்றும் அழைக்கும் மீன் அது. முள் குறைந்த, வெண்ணிறத் தசையுடைய அம்மீன் இல்லையேல் கல்கத்தாவின் புகழ்பெற்ற மீன் வறுவலே இல்லை. முட்டையைச் சுற்றிக் கொத்திறைச்சி பொதிந்து பொரிக்கும் ஸ்காட்லாந்து முட்டை, வங்காளத்தில் ‘டிமேர் டெவில்’ ஆயிற்று. அடித்த முட்டையை வலைபோல் போர்த்திப் பொரிக்கும் ‘கபிராஜி கட்லெட்’ ஆங்கிலக் ‘கவரேஜ்’ என்பதன் திரிபு என்று நகரத்தார் கூறுவர். கபிராஜ் என்பது வங்காளத்தில் ஆயுர்வேத வைத்தியரைக் குறிப்பது. எண்ணெய் வழியும் கட்லெட்டுக்கு வைத்தியர் பெயர் பொருந்துவதாயில்லை என்பதால் இவ்விளக்கம் பிறந்திருக்கலாம். சொல்லாராய்ச்சியாளர் இதனை எளிதில் ஏற்கமாட்டார். மாணவர்களோ உடனே ஏற்பர்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலேயரின் சமையலறைகளில் பணிபுரிந்த ஹைனான் சீனர், பிற்காலத்தில் தம் காப்பிக்கடைகளில் சிக்கன் சாப் விற்றதை இங்கே ஒப்புநோக்கலாம். இரு துறைமுகங்களிலும் சாகேபின் உணவைப் பொதுமக்களின் உணவாக்கியவர்கள் சமையற்காரர்களே. இவ்வொப்பீடு விரிவான ஆய்வுக்கு உரியது.

1943

நினைவுக் குறிப்புகள் பெரும்பாலும் விரைந்து தாண்டும் ஆண்டு இது. வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 இலட்சம் பேர் மடிந்தனர் என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. நாட்டுப்புறத்திலிருந்து உணவு தேடி வந்தோர் கல்கத்தாவின் நடைபாதைகளிலேயே இறந்தனர். ஸ்டேட்ஸ்மன் நாளேட்டின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் அவர்களின் ஒளிப்படங்களை 1943 ஆகஸ்டு 22ஆம் நாள் வெளியிட்ட பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. அதே மாதங்களில் நேச நாட்டுப் படையினரால் நிறைந்திருந்த சௌரங்கியின் உணவகங்கள் மூடப்படவில்லை. கிராண்ட் ஓட்டலில் அமெரிக்கக் கறுப்பினப் பியானோ கலைஞர் டெடி வெதர்போர்டு இசைத்துக்கொண்டிருந்தார். அவரும் 1945இல் அந்நகரிலேயே காலராவுக்குப் பலியானார். கல்கத்தாவின் ஜாஸ் இசை மரபு போர்க்காலத்தில் வேரூன்றியதாகப் பெருமையுடன் எழுதுவோர், அந்த வேர் எந்த ஆண்டில் எந்த மண்ணில் ஊன்றியது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

இசையும் வரியும்

விடுதலைக்குப் பின் ஐரோப்பியர் வெளியேற, உணவகங்கள் இந்தியர் கைக்கு வந்தன. டிரிங்காஸ் 1959இலும் ப்ளூரிஸ் 1965இலும் கைமாறின. மொக்காம்போ 1956இல் இந்திய முதலீட்டிலேயே தொடங்கப்பட்டது. பார்க் தெருவின் பொற்காலம் என்று போற்றப்படும் 1950களும் 60களும் காலனியக் காலம் அல்ல. அது சுதந்திர இந்தியாவின் காலம். இவ்வுணவகங்களை ‘ராஜ்’ காலத்தின் எச்சமாக மட்டும் காண்போர் இதனைக் கருதுவதில்லை. மேடையில் ஆங்கிலோ-இந்தியரும் கோவாவினரும் இசைத்தனர். மொக்காம்போவில் பாம் கிரேன் பாடினார். 1969இல் டிரிங்காஸ் மேடையேறிய உஷா உதுப், பம்பாயில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மவுண்ட் ரோட்டு உணவகம் ஒன்றில் பாடத் தொடங்கியவர். மேல்நாட்டு உடையில் பாடகியரைக் கண்டு பழகிய கூடத்தில் அவர் சேலை உடுத்திப் பாடினார். அக்கூடத்தின் ‘ஐரோப்பியத் தன்மை’ எந்த அளவுக்கு நெகிழ்ந்துவிட்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1970களில் நிலை மாறிற்று. நக்சல்பாரி எழுச்சியும் அதன் மீதான அடக்குமுறையும், தொழில் நிறுவனங்களின் வெளியேற்றமும், மின்வெட்டும் இரவு வாழ்வைச் சுருக்கின. நேரடி இசை நிகழும் உணவகங்கள் மீது விதிக்கப்பட்ட கேளிக்கை வரி மேடைகளைக் காலி செய்தது. பழி முழுவதையும் 1977இல் ஆட்சிக்கு வந்த இடதுசாரி அரசின் மீது சுமத்துவது வழக்கமாகிவிட்டது. சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதே காலவரிசை காட்டும் உண்மை. பிர்ப்போஸ் மறைந்து அதன் கட்டடம் துணிக்கடைச் சந்தையாயிற்று. இறால் காக்டெயிலுக்குப் பெயர்பெற்ற ஸ்கை ரூம், தொழிலாளர் தகராற்றுக்கிடையே 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அத்தகராற்றைப் பற்றிப் பேசுவோர் வாடிக்கையாளரின் இழப்பையே பேசுகின்றனர். ஊழியர் என்ன கேட்டனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

எஞ்சியவை செழித்தன. 1975இல் திறக்கப்பட்ட பீட்டர் கேட்டின் முன் மக்கள் வரிசையில் நிற்பது ஈரானிய வழிவந்த செலோ கபாபுக்காக. ஐரோப்பிய உணவுக்காக அன்று. ப்ளூரிஸ் 2004இல் புதுப்பிக்கப்பட்டது. அது அமைந்துள்ள ஸ்டீபன் கோர்ட் கட்டடத்தில் 2010 மார்ச்சில் எழுந்த தீ 40க்கும் மேற்பட்டோர் உயிரைக் கொண்டது. 2011 முதல் மாநில அரசே பார்க் தெருவில் கிறிஸ்துமஸ் விழாவை நடத்துகிறது. நகரமே திரண்டு வருகிறது. 2016இல் இத்தெருவின் உணவகம் ஒன்று, பெண்ணொருவர் தம்மோடு உண்ண அழைத்துவந்த வாகன ஓட்டுநரை, உடை தகுதியாக இல்லை என்னும் காரணம் கூறி அனுமதிக்க மறுத்தது. இச்செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அவ்வாண்டு உணவகங்களைக் காக்க எழுதியவர்களுள் சிலர், உடைக் கட்டுப்பாடு பார்க் தெருவின் பழைய மரபு என்று வாதிட்டனர்.