நாடாவில் தங்கிய அறை

ஃபோர்-டிராக் ஒலிப்பதிவுக் கருவியில் மறைக்க இடம் கிடையாது. நாடாவின் அகலத்தை நான்கு தடங்களாகப் பிரித்திருக்கும், அவ்வளவுதான். முதல் தடத்தில் கிதார் வாசித்துவிட்டு, அதை ஹெட்போனில் கேட்டபடியே இரண்டாவதில் பாடலாம். அதே பாட்டை மூன்றாவதில் மறுபடி பாடிக் குரலைத் தடிப்பாக்கலாம். நான்காவதோடு இடம் தீர்ந்தது. மேலும் வேண்டுமென்றால் பதிந்ததைக் கலந்து ஒரே தடத்தில் அடைத்துவிட்டுத்தான் இடம் பிடிக்க வேண்டும். அப்படி மாற்றும் ஒவ்வொரு முறையும் நாடாவின் இரைச்சலும் கூடும்.

அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரத்தில், ஒரு வீட்டின் தரைக்கு அடியிலிருந்த அறையில், எலியட் ஸ்மித் என்ற பாடகர் அப்படியொரு கருவியை வைத்துக்கொண்டு 1993-இல் பாடிப் பதிந்தார். ஆல்பம் போடும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆல்பம் போடுவதற்குத்தான் ‘ஹீட்மைசர்’ இருந்ததே. கல்லூரியில் பழக்கமான நீல் கஸ்டும் அவரும் தொடங்கிய ராக் குழு அது. அதன் முதல் ஆல்பம் ‘டெட் ஏர்’ அதே ஆண்டு வந்திருந்தது. கிதார்கள் உறும, தொண்டை கிழியக் கத்திப் பாடும் இசை. அந்தக் குழுவில் தனக்கே பிடிக்காத ஒரு வேடத்தை நடித்துக்கொண்டிருந்ததாக ஸ்மித் பின்னாளில் சொன்னார். மேடையில் கத்திவிட்டு வந்து, நிலவறையில் முணுமுணுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

முணுமுணுப்பு என்பது மிகையில்லை. மைக்கில் வாய் ஒட்டுகிற அளவுக்கு நெருங்கிப் பாடியிருக்கிறார். மூச்சு கேட்கும். ‘ஸ’ வரும் இடங்களில் காற்று சீறும். விரல்கள் ஒரு கட்டையிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது கிதார்க் கம்பி கீச்சிடும். பெரிய ஸ்டூடியோவாக இருந்தால் இதையெல்லாம் துடைத்திருப்பார்கள். இந்த நாடாவில் அவை பாட்டுக்குச் சமமாக உட்கார்ந்திருக்கின்றன. எனக்கு இதில் முதலில் பிடித்ததே அந்தக் கீச்சுதான். யாரோ எதிரில் அமர்ந்து வாசிக்கிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்த வீடு ஜேஜே கான்சனுடையது. ஹீட்மைசரின் மேனேஜர், புகைப்படக்காரர், அப்போது ஸ்மித்தின் காதலி. நாடா முதன்முதலாக நிலவறைப் படியேறி வெளியே போனது அவர் மூலமாகத்தான். கிறிஸ்டோபர் கூப்பரும் டென்னி ஸ்வாஃபோர்டும் நடத்திய ‘கேவிட்டி சர்ச்’ என்ற சிறிய உள்ளூர் இசைத்தட்டு நிறுவனத்தின் காதுக்கு அது போய்ச் சேர்ந்தது. இதிலிருந்து ஒன்றிரண்டு பாட்டை எடுத்து ஏழு அங்குலச் சிறு தட்டு போடுவார்கள் என்பதுதான் ஸ்மித்தின் எதிர்பார்ப்பு. அவர்களோ மொத்தத்தையும் அப்படியே கேட்டார்கள். அவர் முதலில் தயங்கினார்.

தயங்கியதில் நியாயம் இருந்தது. கிரஞ்ச் என்ற இரைச்சலான ராக் இசை ஊரையே ஆண்ட காலம் அது. அதன் தலைநகரமான சியாட்டில் போர்ட்லாண்டுக்கு வடக்கே சில மணி நேரக் கார்ப் பயணம். இப்படி அடங்கிய குரலில் ஒரு தட்டு வந்தால் தன் தலையைச் சீவிவிடுவார்கள் என்று பயந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1994 ஜூலையில் ‘ரோமன் கேண்டில்’ வெளிவந்தது. கிரஞ்ச் நட்சத்திரம் கர்ட் கோபேன் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒன்பது பாட்டு, அரை மணி நேரம். அட்டைப் படம் கான்சன் எடுத்தது. அதில் இருப்பவர் ஸ்மித் அல்ல, நீல் கஸ்டும் ஒரு தோழியும். தன் முதல் ஆல்பத்தின் முகப்பில் தானே இல்லாத பாடகர்!

ரோமன் கேண்டில் ஒரு வாணவேடிக்கை. ஒரே குழலிலிருந்து ஒளி உருண்டைகள் ஒவ்வொன்றாகச் சீறிக் கிளம்பும். பெயர் சத்தமானது, உள்ளே இருப்பது அடக்கின கோபம். ஒன்பதில் நான்கு பாட்டுக்கு அவர் பெயரே வைக்கவில்லை. ‘நோ நேம்’ என்று எழுதி, ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டதோடு சரி. கடைசியில் வரும் பாட்டில்லாத வாத்திய இசைக்கோ ‘கிவி மேட் டாக் 20/20’ என்று ஒரு மலிவு மதுவின் பெயர். பெயர் வைக்காததை அலட்சியம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்குப் போகப்போகிற சரக்குக்குத்தான் பெயர் தேவை. தனக்காகப் பதிந்ததற்கு எதற்கு?

அடுத்த இரண்டு ஆல்பங்களும் ‘கில் ராக் ஸ்டார்ஸ்’ நிறுவனத்துக்குப் போயின. ஹீட்மைசர் 1996-இல் கலைந்தது. நிலவறை நாடா ஒரு மூலையில் கிடந்திருக்கலாம். ஆனால் போர்ட்லாண்டில் கஸ் வான் சான்ட் என்ற இயக்குநர் இருந்தார். 1997 இறுதியில் வெளியான அவரது ‘குட் வில் ஹண்டிங்’ படத்தில் ஸ்மித்தின் பாடல்கள் வந்தன. அவற்றில் ஒன்று பெயரில்லாத மூன்றாவது. அந்தப் படத்துக்காகத் தந்த ‘மிஸ் மிஸரி’ ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. 1998 மார்ச்சில் வெள்ளை சூட் போட்டுக்கொண்டு, ஒரு கிதாரோடு அந்த மேடையில் நின்றார். விருது ‘டைட்டானிக்’ பாட்டுக்குப் போனது. போகாமல் இருந்தால்தான் அதிசயம். அதற்குப் பிறகு அவரைத் தேடிவந்தவர்கள் பின்னோக்கி நடந்து, இந்த முதல் ஆல்பத்தை அடைந்தார்கள்.

2003 அக்டோபரில், லாஸ் ஏஞ்சலஸில், 34 வயதில் ஸ்மித் இறந்தார்.

2010-இல் நாடா மறுபடி வெளியே வந்தது, இந்த முறை கில் ராக் ஸ்டார்ஸ் வழியாக. பொறுப்பேற்றவர் லாரி கிரேன்: ‘டேப் ஆப்’ பத்திரிகையைத் தொடங்கியவர், ஸ்மித்தோடு சேர்ந்து ஒரு ஸ்டூடியோவையே கட்டிய நண்பர், ஸ்மித் விட்டுப்போன பதிவுகளைப் பாதுகாப்பவர். கம்பிக் கீச்சும் ‘ஸ’, ‘ட’ ஒலிகளின் கூர்மையும் காதை உறுத்துவதாகக் கிரேனுக்குப் பட்டது. அவற்றை மட்டும் தணித்தார். பிறகு ஒலிப் பொறியாளர் ரோஜர் சீபல் சமன் செய்து ஒலியளவைச் சற்று உயர்த்தினார். ஸ்மித் செய்துவைத்த கலவையில் யாரும் கைவைக்கவில்லை.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டிருக்கிறேன். புதியது காதுக்கு இதம், சந்தேகமில்லை. கிரேனின் நோக்கத்தையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் நான் பழையதையே எடுக்கிறேன். அதில் அறை கொஞ்சம் அதிகமாக இருக்கிறது. புதிய பதிப்பிலும் அந்த நான்கு பாட்டுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவர் எழுதி வைத்தபடியே.