வெட்டிய காதும் ஒட்டிய முகமும்

இரணியலுக்குப் பக்கத்தில் தலக்குளம் என்று ஓர் ஊர். இன்று கன்னியாகுமரி மாவட்டம். அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். வேலுத்தம்பி தளவாய் பிறந்த ஊர் அதுதான். 1799-ல் அவர் ஜனங்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்குப் போன கதையை நாஞ்சில் நாட்டில் அறியாதவர்கள் குறைவு. ஊரைச் சுரண்டிய மூன்று அதிகாரிகளையும் ஒழிக்க வேண்டும் என்பது கோரிக்கை. மகாராஜா பாலராம வர்மா வேறு வழியில்லாமல் இணங்கினார். ஜயந்தன் சங்கரன் நம்பூதிரியை நாடு கடத்தினார்கள். சங்கரநாராயணன் செட்டிக்கும் மாத்து தரகனுக்கும் பலர் அறியக் கசையடி கொடுத்து, காதுகளை அறுத்து, சிறையில் தள்ளினார்கள்.

தண்டனை நியாயமா என்பது வேறு விஷயம். அறுந்து விழுந்த அந்தக் காதுகளைப் பற்றி அன்று யாருக்கு அக்கறை? பத்தே வருஷம் கழித்து, 1809-ல், வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை விட்டார். அவருடைய சடலத்தையும் விடவில்லை. கண்ணம்மூலையில் ஜனங்கள் பார்க்கத் தொங்கவிட்டார்கள்.

உயிரை எடுத்தால் ஒரு நாளோடு தீர்ந்தது. முகத்தில் ஒன்றை எடுத்தால் ஆயுள் முழுவதும் அவமானம். திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை மதுரைச் சீமையில் புகுந்து கண்டவர் மூக்கையெல்லாம் அறுத்தது. மதுரைப் படையும் பதிலுக்கு அறுத்தது. அதற்கு ‘மூக்கறு போர்’ என்றே பெயர். இன்றைக்கும் மானம் போனவனை ‘மூக்கறுபட்டான்’ என்றுதானே சொல்கிறோம்!

அறுக்கிற கை இருந்த தேசத்தில் தைக்கிற கையும் இருந்தது. சுசுருதர் காலத்திலேயே மூக்குக்கும் காதுக்கும் ரண சிகிச்சை உண்டு. 1792 யுத்தத்தில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் அகப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பிற்பாடு பூனாவுக்கு அருகில், செங்கல் சூளைத் தொழில் செய்யும் ஜாதியைச் சேர்ந்த ஒருவர், மெழுகில் அளவெடுத்து, நெற்றித் தோலை இறக்கி அவருக்கு மூக்குச் செய்துகொடுத்தார். 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்று இதைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்துப் பழகிய கார்ப்யூ என்ற டாக்டர் 1814-ல் லண்டனில் அதே சிகிச்சையைச் செய்தார்.

ஆனாலும் கவாஸ்ஜிக்குக் கிடைத்தது புது மூக்கு. போன மூக்கு போனதுதான். அறுந்த துண்டுக்குள் ரத்தம் ஓடாவிட்டால் அது கறுத்து அழுகிவிடும். முகத்தின் ரத்தக் குழாய்களோ ஒரு மில்லி மீட்டர் அளவுதான். 1960-ல் அமெரிக்காவில் ஜேக்கப்சன் என்பவர் பூதக்கண்ணாடி போதாதென்று மைக்ராஸ்கோப்பின் கீழே அவ்வளவு சிறிய குழாய்களைத் தைத்துக் காட்டினார். தலைமயிரைவிட மெல்லிய நூல் வந்தது. அதன் பிறகுதான் உதடும் காதும் தலைத்தோலும் உரியவரிடமே திரும்பின. உள்ளே போன ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கினால், பெரிய ஆஸ்பத்திரிகளிலும் அட்டையைத்தான் விடுகிறார்கள். நம் வைத்தியர்கள் பழகிய அதே அட்டை!

1994-ல் வட இந்தியக் கிராமம் ஒன்றில், ஒன்பது வயதுச் சிறுமியின் பின்னல் கதிரடிக்கும் இயந்திரத்தில் சிக்கியது. முகமும் தலைத்தோலும் இரண்டு துண்டாகப் பிய்ந்து வந்துவிட்டன. அந்த நிலையில் பெற்றவர்கள் மகளை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் யார் குறை சொல்வார்கள்? அவர்கள் துண்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு போனார்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஆபிரகாம் தாமஸும் கூட இருந்தவர்களும் குழாய் குழாயாகத் தேடித் தைத்தார்கள். வெளிறிக் கிடந்த தோலில் ரத்தம் ஏறியது. முழு முகத்தைத் திரும்பப் பொருத்தியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. தழும்பு இருக்கிறது. ஆனால் முகம் அவளுடைய முகம்.

டாக்டரின் கை பெரிய கை, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பை வராவிட்டால் அவர் எதைத் தைத்திருப்பார்? வயலும் இயந்திரமும் உள்ள நம் ஊர்களிலும் இது தெரிந்திருக்க வேண்டும்: அறுந்த துண்டைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பையில் இட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைக்க வேண்டும். துண்டின் மேல் ஐஸ் நேராகப் படக்கூடாது. தாமதிக்கவும் கூடாது. முதலில் யாராவது குனிந்து அதைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.